வட்டாரக் கழிவு

மாநகரப் பிள்ளைகள் எடை ஒழுங்கு வாரியத்துக்கு ஏழு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு தராசு உண்டு. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். தராசு ஒரு பெண் குரலில் எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, "நலமாக இருங்கள்" என்று வாழ்த்தும். திரும்பி வரும்போதும் ஏற வேண்டும். உள்ளே இருந்த நேரத்தில் யாரும் எதையும் தின்றுவிடவில்லை என்று வாரியத்துக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அதிகாரிகளுக்கு மட்டும் பக்கவாட்டில் வேறு வழி இருந்தது.

தையல்காரம்மா அந்தத் தராசில் ஏறியது ஒரு சாவிக்காக.

அவள் குடியிருந்த தெருவில், வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மைதானம். ஆளுயரச் சுவர், இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் ஓர் ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் முழங்கால் உயரப் புல்லும் தெரியும். பூட்டியது யார், எப்போது, எதற்கு என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காற்று அசையாத மத்தியானங்களில்கூட அந்த ஊஞ்சல் சில சமயம் கிரீச் கிரீச்சென்று ஆடும். துருப்பிடித்த இரும்பு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

அவளுக்கு ஒரே மகள், வயது பத்து. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள். பொன் நிறுக்கிற குண்டுமணி மாதிரி இருக்கிறாள் என்று ஆசையாகக் கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போனதும் மற்றப் பிள்ளைகள் அந்தப் பெயரை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதையும் குண்டுமணி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். அம்மாவுக்குத்தான் பொறுக்காது. ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் சீருடையின் பக்கத் தையலைப் பிரித்து விட்டுவிட்டு, இனிமேல் பிரிக்கத் துணி இல்லை என்கிற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

சீருடை போகட்டும், பயமுறுத்தியது மாடிப்படி. வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, அதில் யாரோ பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குண்டுமணி இரண்டாவது மாடியில் நின்றுவிடுவாள். மூச்சு விசில் அடிக்கும், உதடு வெளுத்துவிடும். மேலே நின்று பார்க்கிற அம்மாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்து ஒண்ணும் வேண்டாம்மா. தினம் ஓடணும். இப்ப மூச்சு வாங்க வாங்க ஓடினா, நாளைக்கு மூச்சு வாங்காது. விட்டுட்டீங்கன்னா இதயத்துக்கு ஆகாது."

"எங்க சார் ஓடறது?"

டாக்டர் தன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? தெருவில் நடைபாதை கிடையாது. கண்டெய்னர் லாரிகள் குறுக்குவழி என்று அந்தப் பக்கமாகத்தான் பறக்கும். கீழே இருந்த ஒரே கடையில் பளபளப்பான பாக்கெட்டுகள் தலைக்கு மேல் தோரணமாகத் தொங்கும். சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் பாலைவிட மலிவு. காய்கறி எப்போதாவது வரும், வரும்போதே காய்ச்சல்காரரைப் போலத் துவண்டு வரும். நல்ல காய் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு பஸ் மாறினால் அன்றைக்குத் தையல் நின்றுபோகும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கிற குடும்பத்தில் பிள்ளை எப்படி இப்படி ஆனாள் என்று கேட்காத ஆளில்லை. ஆசிரியை கேட்டார், நாத்தனார் கேட்டாள், பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். "அவளுக்குக் கொடுக்கறதை நிறுத்தக் கூடாதா?" என்று எல்லோரும் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் நகரத்தின் மறுகோடியில், பெரிய வீடுகள் உள்ள பகுதியில், ஒரு பூங்காவுக்குக் காவல்காரர். கேட்டைத் திறப்பதும் சாத்துவதும்தான் வேலை. உள்ளங்கை நீளச் சாவி ஒன்று எப்போதும் இடுப்பில் தொங்கும்.

"அங்க நாய்க்குன்னே தனியா ஒரு தடம் போட்டிருக்காங்க" என்பார். "ஓடி முடிச்சதும் துண்டால துடைச்சுவிட ஆளு நிக்குது. அந்தப் பக்கத்துப் பசங்க எல்லாம் கொடி மாதிரி இருக்காங்க. நான்தான் தினம் கேட் திறந்துவிடறேன்."

"எதிர்க்க இருக்கிற கேட்டைத் திறக்க வழி சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் அவள் மனு எழுதிக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினாள்.

முன்னறையில் இருந்த எழுத்தர் அவளுடைய மனுவைப் படிக்கவில்லை. ஒரு சின்னத் தராசில் வைத்தார்.

"மனு எடை குறைவா இருக்கேம்மா."

"ஒரு பக்கம்தானே சார் எழுதினேன். கேட்டைத் திறக்கணும், பொண்ணு ஓடணும். அவ்வளவுதான்."

"விஷயம் சின்னதா இருக்கலாம். மனு ஊட்டமா இருக்கணும். இணைப்பு ஏதாவது சேர்த்துட்டு வாங்க."

அவள் போய்ச் சேர்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சீட்டு, பள்ளிக்கூடத்துச் சீட்டு, மின்சார ரசீது, கல்யாணப் பத்திரிகை, கடைசியில் ஒரு தையல் புத்தகத்தின் அட்டை. முள் நகர்ந்து பச்சைக் கோட்டில் நின்றது. எழுத்தர் முகம் மலர்ந்து, "இப்ப ஆரோக்கியமா இருக்கு" என்று தலைவரின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

தலைவர் நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும் இயந்திரம் ஒன்றின் மேல் நடந்துகொண்டிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துண்டு. மேஜையில் நறுக்கிய பழங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி. "நான் நடந்துகிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவ்வளவு நடந்தும் அவர் அந்த அறையைத் தாண்டவில்லை.

"உங்க பொண்ணு மேல தப்பே இல்லைம்மா" என்று ஆரம்பித்தார். "உங்க மேலயும் இல்லை. மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கோம். மைதானம் இல்லாத வட்டாரம், காய்கறி கிடைக்காத வட்டாரம், பெத்தவங்க ரெண்டு பேரும் ஓயாம உழைக்கிற வட்டாரம். அங்க பிள்ளைங்களுக்கு எடை ஏறுது. வசதியான வட்டாரத்துல அப்படி ஏறலை. அதாவது, எடைக்குக் காரணம் வட்டாரம். அறிக்கையைப் படிச்சப்ப நானே அழுதுட்டேன்."

தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் உன் மேல் தப்பில்லை என்று சொன்ன முதல் மனிதர். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்ப சார், அந்த மைதானத்தை..."

"மைதானம் மைதானத் துறை."

"சாவி மட்டுமாவது..."

"சாவியும் அவங்கதான். எழுதிக் கேட்டோமே. உள்ள ஓடற பிள்ளைங்க எத்தனை பேர்னு சொன்னா அதைப் பொறுத்துத் திறக்கறோம்னாங்க. பூட்டியிருக்கறதால உள்ள யாரும் ஓடலை. அவங்க சொல்றதும் நியாயம்தானே? கடை, கடைத் துறை. ரோடு, ரோட்டுத் துறை. எங்ககிட்ட இருக்கறது எடை மட்டும்தான்மா. இருக்கறதை வச்சு என்ன பண்ண முடியுமோ அதைப் பண்ணியிருக்கோம்."

இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு அவர் முடிவைச் சொன்னார். வட்டாரத்தால் ஏறிய எடை வட்டாரத்தின் எடை. அதைப் பிள்ளையின் தலையில் கட்டுவது அநியாயம். ஆகவே அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் எடையிலும் இனி ஒன்பது கிலோ கழிக்கப்படும். அதற்கு வாரியம் வைத்திருக்கும் பெயர், வட்டாரக் கழிவு.

"கழிச்சா, பொண்ணுக்கு மூச்சு வாங்காதா சார்?"

"கணக்குப்படி வாங்கக் கூடாது" என்றார் தலைவர்.

எடை கழிப்பு விழா பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. சர்க்கரைத் தண்ணீர் கம்பெனிதான் பந்தல் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது, வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒவ்வொரு பிள்ளையாக மேடையில் ஏறித் தராசில் நின்றது. தராசு எடையைச் சொன்னதும், தலைவர் தங்க நிறப் பென்சிலால் பலகையில் அதை எழுதி, ஒன்பதைக் கழித்து, விடையின் கீழ் இரட்டைக் கோடு போட்டார். கூடம் கைதட்டியது. குண்டுமணி ஐம்பத்தொன்றாக ஏறி நாற்பத்திரண்டாக இறங்கினாள்.

இறங்குவதற்கு முன் அவள் தலைவரிடம் கேட்டாள்: "அங்கிள், என்னோட ஒம்பது கிலோ இப்ப எங்க இருக்கு?"

"வாரியத்துக்கிட்ட பத்திரமா இருக்கு, கண்ணு."

"தனியா இருக்க அதுக்குப் பயமா இருக்காதா?"

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். தையல்காரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒன்பது கிலோ. குண்டுமணிக்கு ஒரு வயது முடிந்த அன்று நிறுத்துப் பார்த்தபோது இருந்த எடை அதுதான். அந்தக் கனம் அவளுடைய இடுப்புக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை.

தைத்துக்கொண்டிருக்கும்போது மேஜைக்குக் கீழே தொங்குகிற துணியை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சோபாவில் யாரும் உட்காராத இடத்தில் மெத்தை சின்னதாகக் குழிந்திருக்கும். குண்டுமணி பாயில் படுக்கும்போது ஓரமாக ஒதுங்கிப் பக்கத்தில் இடம் விட ஆரம்பித்தாள். ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்துத் தட்டோரம் வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"என்னுதுக்கு. அது திரும்பி வந்திருச்சும்மா. வாரியத்துல அதைத் தூக்க ஆளில்லையாம்."

அம்மா அதட்டவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கடையில் வரிசையில் நின்றபோது ஒன்றைக் கவனித்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு கை மடங்கி, காற்றை அணைத்துக்கொண்டிருந்தது. தன் கையும் அப்படித்தான் மடங்கியிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

கீழ்வீட்டுக்காரம்மா காதருகே வந்து, "உங்க வீட்லயும் இருக்கா?" என்றாள்.

"ம்."

"எனக்கு ரெண்டு" என்றாள் அவள். "முதுகு போகுதுங்க."

குண்டுமணியின் மூச்சு மட்டும் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. இப்போது முதல் மாடியிலேயே நிற்க ஆரம்பித்திருந்தாள். மறுபடி டாக்டரிடம் ஓடினார்கள். அவர் வாரியம் கொடுத்த நாற்பத்திரண்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி நாற்பத்திரண்டைப் பார்த்தார். "இந்த எடைக்கு இந்த மூச்சு வராதும்மா. வாரியம் சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கையைக் கழுவினார். உண்மையாகவே எழுந்து போய்க் குழாயில் கழுவினார்.

கழிவு என்கிற வார்த்தைக்கு இரண்டு முகம் உண்டு. கடையில் அது தள்ளுபடி, தெருவோரத்தில் அது வேறு. வாரியத்தின் ஆணை பல துறைகளுக்கும் நகல் போயிற்று. துப்புரவுத் துறை அதைத் தன் முறையில் படித்தது. வட்டாரக் கழிவு, பிள்ளை ஒன்றுக்கு ஒன்பது கிலோ. ஆணையைப் படித்த பிறகு சும்மா இருக்கிற துறையா அது? மறுவாரமே லாரி வந்து நின்றது.

மேஸ்திரி ஒவ்வொரு வீடாக ஏறினார். கையில் கொக்கித் தராசு. பின்னால் சாக்கு தூக்க ஓர் ஆள். நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கும் மூச்சு வாங்கியது.

"இங்க ஒரு பிள்ளை. ஒம்பது கிலோ எடுங்கம்மா."

"எதை?"

"கழிவு."

"எங்க வீட்ல ஏதுங்க அவ்வளவு குப்பை? வெட்டின துண்டுத் துணி கொஞ்சம் இருக்கு. அதுகூடத் தலையணைக்கு ஆகும்."

"பிள்ளைகிட்ட கழிச்சிருக்காங்கன்னு ஆர்டர்ல இருக்கு. கழிச்சது வீட்லதானே இருக்கணும்? எனக்கு ஒம்பது வரணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"அது குப்பை இல்லைங்க. கணக்குல கழிச்சாங்க."

"கணக்குல கழிச்சா என்ன, கூடையில கழிச்சா என்ன? இந்த மாதிரி நுணுக்கம் எல்லாம் பார்க்க ஆரம்பிச்சா ஊரு நாறிப்போயிரும்மா." அவர் காலிச் சாக்கை எடுத்து, வாயை விரித்து, சோபா ஓரமாகத் தரையில் போட்டார். "சாக்கு இங்கயே இருக்கட்டும். மேல் வீட்டை முடிச்சுட்டு வரோம்."

மேல்வீட்டிலிருந்து அவர்கள் இறங்கி வரும்வரை தையல்காரம்மா அதில் எதையும் போடவில்லை. போடப்போவதும் இல்லை என்று கதவோரம் கைகட்டி நின்றாள். மேஸ்திரி சாக்கின் வாயைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். தராசு இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒன்பதில் நின்றது. சாக்கு தட்டையாக, காலியாகத் தொங்கியது.

மேஸ்திரி முள்ளை மட்டும் பார்த்தார். "சரியா இருக்கு" என்று ஒரு டிக் அடித்தார்.

சாக்கைத் தோளில் வாங்கிய ஆளின் முழங்கால் மடங்கியது. அவன் சாக்கைப் பார்த்தான், பிறகு குண்டுமணியைப் பார்த்தான். அவள் முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா வைங்க" என்றாள் அவனிடம். "அதுக்கு இருட்டுன்னா பயம்."

அவன் அதைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் படி இறங்கினான். தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அவளைப் பயமுறுத்திய கனம் போனதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மற்ற மாடிகளிலும் அழுகுரல் கேட்டது. துப்புரவுத் துறை வந்துபோனதற்காக ஒரு கட்டடம் மொத்தமும் அழுதது அன்றைக்குத்தான்.

சேர்ந்த கழிவை எங்கே கொட்டுவது? அந்த வட்டாரத்தில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். எத்தனையோ வருஷமாகத் திறக்காத அந்த இரும்புக் கேட் லாரிக்காகத் திறந்தது. மேஸ்திரியின் சட்டைப்பையில்தான் சாவி இருந்திருக்கிறது. காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாகப் புல் மேல் கவிழ்த்து உதறினார்கள். லாரி வெளியே வந்ததும் கேட்டைப் பூட்டி, ஒரு பலகையை மாட்டினார்கள். கழிவு சேகரிப்பு இடம். பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது.

மறுநாள் எழுத்தர் போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை குளிர்ச்சி. "உங்க மனு நல்லபடியா முடிஞ்சுதும்மா. கேட்டைத் திறக்கணும்னு கேட்டிருந்தீங்க, திறந்தாச்சு."

"குப்பை லாரிக்குத்தான் சார் திறந்தாங்க. உடனே பூட்டிட்டாங்க."

"திரும்பப் பூட்டக் கூடாதுன்னு மனுவுல எழுதலையேம்மா" என்றார் எழுத்தர். அந்த வருஷத்தின் சிறந்த வட்டாரம் என்று அவர்கள் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதையும் தெரிவித்து, வாழ்த்தும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். பின்னாலேயே அவளும் போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள் பலர் ஏற்கெனவே கேட்டோரம் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். அவர் இடுப்புச் சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தார். பெரிய வீடுகளின் கேட்டைத் தினமும் திறக்கிற சாவி. பாதி வரை போயிற்று, திரும்பவில்லை. மறுபடி முயன்றார். பிறகு நெற்றியைக் கம்பியில் வைத்து நின்றுவிட்டார்.

உள்ளே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. சறுக்குமரத்தின் தூசியில், மேலிருந்து கீழே, ஒன்றன் பின் ஒன்றாகக் கோடு விழுந்தது. புல் இங்கும் அங்குமாகப் பிரிந்து பிரிந்து மூடியது. ஒரு வயதுக் குழந்தை உயரத்துக்குத்தான் பிரிந்தது, ஆனால் அந்த வயதுக் குழந்தைகள் அவ்வளவு வேகமாக ஓடிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

குண்டுமணி கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்திருந்தாள். நாலு மாடி இறங்கி வந்த மூச்சு இன்னும் அவளுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அதோ என்னுது. சறுக்குமரத்துக்குப் பக்கத்துல."

அம்மாவுக்குப் புல் அசைவது மட்டும்தான் தெரிந்தது. "நல்லா இருக்காடா?" என்றாள்.

"நல்லா ஓடுதும்மா" என்றாள் குண்டுமணி. நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்: "அதுக்கு மூச்சே வாங்கலை."